சுருதி நிக்காத கிட்டார்: யாழ்ல இருந்து சின்னசேலம் மேடை வரை

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்; திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு தகவலோட ஆரம்பிக்கிறேன். கடையில விலைக்கு வந்து நல்லா ஓடின முதல் எலக்ட்ரிக் கிட்டார் எது தெரியுமா? 1932-ல அமெரிக்காவுல விற்பனைக்கு வந்த ரிக்கன்பாக்கர். பார்க்க வாணலி மாதிரி வட்டமா, நீளமான பிடியோட இருக்கும். அதனால அதுக்குப் பட்டப்பெயரே 'வறுவல் சட்டி'. ஜார்ஜ் போஷாம்ப்னு ஒரு கலைஞர் யோசிச்ச டிசைன். மடியில படுக்க வச்சு வாசிக்கிற ஹவாயன் ரகம். முழு உடம்பும் வார்ப்பு அலுமினியம்.

அந்தக் கிட்டார் சுருதியில நிக்கலை!

காரணம் ரொம்ப எளிமை. மேடை விளக்கு சூடு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகு கம்பியைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். உடம்பு ஒரு பக்கம் நீளுது, கம்பி இன்னொரு வேகத்துல நீளுது, ரெண்டுக்கும் நடுவுல சுருதி அல்லாடுது. 1935-ல அந்த நிறுவனம் பேக்லைட்ல, அதாவது அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்ல, இன்னொரு மாடல் கொண்டுவந்தாங்க. போஷாம்ப்புக்குக் காப்புரிமை கைக்கு வந்தது 1937-ல. காப்புரிமை வர்றதுக்கு முன்னாடியே இந்தப் புகார் வந்துடுச்சு.

ஆக, "என் கிட்டார் சுருதி நிக்கமாட்டேங்குது"ங்கிற புகாருக்கும் எலக்ட்ரிக் கிட்டாருக்கும் ஒரே வயசு. ஆனா அந்தப் புகார் தமிழுக்கு இன்னும் பழசு. இன்னைக்கு எபிசோடு அதைப் பத்திதான்.

இந்த விஷயத்தை நான் தேட ஆரம்பிச்சதுக்கு ஒரு காரணம் உண்டு. எங்க ஊர் சின்னசேலம். சேலத்துல இருந்து விருத்தாசலம் போற ரயில் பாதையில வரும். 2019-ல விழுப்புரத்துல இருந்து பிரிஞ்ச கள்ளக்குறிச்சி மாவட்டத்துல ஒரு வட்டம். மேற்கே பார்த்தா கல்வராயன் மலை தெரியும். இங்க ஒரு மெல்லிசைக் குழுவுல கிட்டார் வாசிக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார். பேர் வேண்டாம்னுட்டார். பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசம் திருவிழா சீசன். அந்த மூணு மாசத்து வரும்படியிலதான் அவருக்கு வருஷம் ஓடுது. போன சீசன்ல நாலாவது பாட்டுக்குள்ள கிட்டார் இறங்கிடுது, பாடறவங்க திரும்பிப் பார்க்கிறாங்க, குழுத் தலைவர் முகம் மாறுது. கடைசியில தலைவர் சொல்லிட்டார்: "கீபோர்டுல கிட்டார் டோன் இருக்கு. அது இறங்காது. அடுத்த சீசனுக்கு யோசிக்கணும்."

அண்ணன் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "தம்பி, நீ நெட்ல படிக்கிற ஆளு. இது என் கையில இருக்கிற கோளாறா, மரத்துல இருக்கிற கோளாறா?"

நான் படிச்சது நெட்ல மட்டும் இல்லை. பழைய புத்தகத்துலயும் இதே கேள்வி இருந்தது.

முதல்ல கல்வராயன் மலைக்கு வடக்கே போவோம். செங்கம் தெரியும்ல? பத்துப்பாட்டுல கடைசிப் பாட்டான மலைபடுகடாம், செங்கண்மாத்து நன்னனைப் பாடின பாட்டு. அந்தச் செங்கண்மாதான் இன்னைக்குச் செங்கம்னு சொல்றாங்க. கூத்தர் கூட்டம் ஒண்ணு வாத்தியங்களைப் பையில போட்டுத் தூக்கிக்கிட்டு மலை வழியா அவன் ஊருக்குப் போற பாட்டு அது. பரிசு வாங்கிட்டு வந்தவன், போறவனுக்கு வழி சொல்றான். மேளம், கொம்பு, குழல்னு வரிசையா வாத்தியம் வரும், யாழ் எப்படி இருக்கும்னு விவரமும் வரும். எனக்கு அதைப் படிக்கும்போது தோணினது ஒண்ணுதான்: அவங்க போன வழி மழை, பனி, பாறைச் சூடு எல்லாம் இருக்கிற வழி. யாழ் நரம்போ விலங்கு நரம்பு. ஈரம் பட்டா நிச்சயம் மாறும். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை என்னவா இருந்திருக்கும்?

யாழுக்குத் திருகுற சாவி கிடையாது. வளைஞ்ச கோட்டுல, அதாவது தண்டுல, வார்க்கட்டு மாதிரி சுத்தியிருப்பாங்க. அதுக்குப் பேர் திவவு. நரம்பு அதுல கட்டியிருக்கும். கட்டை மேல தள்ளினா ஏறும், கீழ விட்டா இறங்கும். பிடிச்சு நிக்கறது வெறும் உராய்வு. உராய்வு குறைஞ்சா வழுக்கும், கூடினா நகர்த்த முடியாது. இந்த 'உராய்வு'ங்கிற சொல்லை ஞாபகம் வச்சுக்கோங்க, அண்ணன் கிட்டாருக்கு வரும்போது வேணும்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. பழந்தமிழ்ல 'நரம்பு'ன்னா கம்பி மட்டும் இல்லை, சுரத்துக்கும் அதுதான் பேர். இணை நரம்பு, கிளை நரம்பு, பகை நரம்பு, நட்பு நரம்புன்னு சுரங்களோட உறவைச் சொல்வாங்க. கம்பியையும் சுரத்தையும் பிரிச்சுப் பார்க்காத காது அது.

சிலப்பதிகாரத்துல கானல்வரி. மாதவி கையில இருந்து கோவலன் யாழை வாங்குறதுக்கு முன்னாடி, யாழ்ல செய்யற எட்டு வேலை வரிசையா வருது: பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு. இதுல பண்ணல்ங்கிறது வாசிக்கப் போற பண்ணுக்கு ஏத்த மாதிரி நரம்பை இழுத்துக் கட்டுறது. பரிவட்டணை, கட்டின நரம்பை விரலால தடவிப் பார்க்கிறது. ஆராய்தல், ஏத்தி இறக்கி இசை சரியா நிக்குதான்னு பார்க்கிறது. எட்டுல முதல் மூணும் சுருதி வேலை! வாசிப்பு அப்புறம்தான். இன்னைக்கு மேடையில கிட்டார்காரர் ரெண்டு நிமிஷம் சுருதி சேர்த்தா கூட்டம் விசில் அடிக்குது. அந்தக் காலத்துல அதுவும் கலையோட பாகம்.

இப்போ சீவக சிந்தாமணி. திருத்தக்க தேவர், சுமார் பத்தாம் நூற்றாண்டு. காந்தருவதத்தைன்னு ஒருத்தி. யாழ்ல அவளை ஜெயிக்கறவனுக்குத்தான் கழுத்து நீட்டுவா. அரசகுமாரர்கள் எல்லாரும் தோத்துட்டாங்க. சீவகன் வர்றான். அவன் முன்னாடி யாழைக் கொண்டுவந்து வைக்கிறாங்க. அவன் வாசிக்கலை. ஒண்ணொண்ணா குறை சொல்லித் தள்ளறான். இது தண்ணியில நின்னு இளகின மரம். இது வாள்வெட்டுப் பட்ட மரம். இது இடி விழுந்த மரம். அப்புறம் நரம்புக்கு வர்றான். அதுக்கு நாலு குற்றம்: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. இழை ஒழுங்கா புரியாம கோணுறது, உள்ள முடி மாட்டியிருக்கிறது, பிசிர் தூக்கி நிக்கறது, முறுக்கு மிஞ்சிப் போறது.

பாருங்க, காவியத்துக்குள்ள உட்கார்ந்து ஒரு ரிப்பேர்காரன் பேசுறான்! இன்னைக்கு எந்தக் கிட்டார் மெக்கானிக்கா இருந்தாலும் இதே வரிசைதான்: கம்பியைப் பாரு, மரத்தைப் பாரு. மரத்துல ஈரம் ஏறுச்சா, அடிபட்டு விரிசல் இருக்கா, கம்பி முறுக்கிக்கிச்சா. ஆயிரம் வருஷத்துல பட்டியல் பெருசா மாறலை.

மரத்தைப் பத்தி எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கம் செய்யற வேலை அது. சிற்பக் கூடத்துல எந்தப் பெரியவரைக் கேட்டாலும் முதல்ல சொல்றது மரம் காயணும்னுதான். காயாத மரத்துல செதுக்கின முகம் வெடிக்கும். காயாத மரத்துல செஞ்ச கிட்டார் கழுத்து வளையும். அதுக்காகத்தான் கிட்டார் கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பியை ஓட்டி, திருகி நிமிர்த்துற ஏற்பாடு 1920-களில் வந்தது. இதுவும் அமெரிக்காவுலதான்.

தோல் வாத்தியத்துக்கும் இதே தலைவலி. ஈரம் ஏறினா பறை மந்தமாயிடும். வைக்கோலைக் கொளுத்தி அனல்ல காட்டிக் காய்ச்சுவாங்க, தோல் இறுகி 'டங்'னு பேசும். திருவிழாவுல எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஆனா அதை சுருதி சேர்க்கறதுன்னு யாரும் சொல்றதில்லை. கச்சேரி மேடையில கல்லும் கட்டையும் வச்சு மிருதங்கத்தைத் தட்டினா சுருதி சேர்க்கிறாங்க, தெருவுல நெருப்புல காட்டினா வெறும் 'காய்ச்சுறாங்க'. அந்தப் பாகுபாடு எனக்குப் பிடிக்கலை. ரெண்டும் ஒரே அறிவு. தவில் கதை வேற மாதிரி போச்சு. தோல் வார் போட்டு இழுத்துக் கட்டின தவில், இன்னைக்குப் பெரும்பாலும் இரும்பு வளையமும் நட்டும் போல்ட்டுமா ஆயிடுச்சு. ஸ்பேனர் போட்டுத் திருகுறாங்க. அழகு போச்சுன்னு சில பேர் வருத்தப்படுவாங்க, வாசிக்கிறவங்க யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

சரி, அண்ணன் கிட்டாருக்கு வருவோம். அது ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாணி. ஃபென்டர் நிறுவனம் 1954-ல கொண்டுவந்த டிசைன், இன்னைக்கு உலகம் முழுக்க எத்தனையோ கம்பெனி அதை நகல் எடுக்குது. அதுல ஒரு கைப்பிடி இருக்கும். அழுத்தினா சுரம் மொத்தமா இறங்கும், விட்டா திரும்ப ஏறும். திரும்ப அதே இடத்துக்கு ஏறணும், அதுதான் பிரச்சினை. பின்பக்கம் சில ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் இழுக்குது, ஆறு கம்பி மறுபக்கம் இழுக்குது, பாலம் நடுவுல மிதக்குது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையிலேயே பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல சுருதி சேர்த்துக்கிட்டே இருப்பார், பதிவுகள்ல கேட்கலாம். 1970-களில் ஃப்ளாய்ட் ரோஸ்னு ஒரு வாத்தியக்காரர், கம்பியை ரெண்டு முனையிலும் பூட்டிட்டா என்னன்னு யோசிச்சார். 1979-ல காப்புரிமை. கம்பி நகர இடமே இல்லாம பண்ணிட்டார்.

நாங்க ஒண்ணொண்ணா பார்த்தோம். சீவகன் வரிசையில முதல்ல கம்பி. புதுக் கம்பி, ஆனா சாவித் தண்டுல ஏழெட்டுச் சுத்து, ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்தது. கழட்டி ரெண்டு மூணு சுத்தோட திரும்பப் போட்டு, கையால நல்லா இழுத்து விட்டோம். கொஞ்சம் நல்லாச்சு. போதலை.

அடுத்தது சூடு. இங்க ஒரு சின்னக் கணக்கு சொல்றேன், பயப்படாதீங்க. மேடை விளக்குல கம்பி பத்து டிகிரி சூடானா, மரம் அவ்வளவா நீளாது, கம்பி நீளும், சுருதி இறங்கும். மெல்லிய ஈ கம்பியில சுமார் பத்து சென்ட் இறங்கும். நூறு சென்ட் சேர்ந்தா ஒரு அரைச் சுரம். ஆனா தடிமனான ஜி கம்பியில கிட்டத்தட்ட மூணு மடங்கு இறங்கும். ஏன்னா ரெண்டையும் ஏறக்குறைய ஒரே பலத்துலதான் இழுத்துக் கட்டியிருக்கோம், ஆனா தடிமனான கம்பி கொஞ்சம்தான் நீண்டிருக்கு. கொஞ்சம் நீண்டதுல கொஞ்சம் குறைஞ்சாலே பெரிய வித்தியாசம். உலகம் முழுக்க கிட்டார்காரங்க ஜி கம்பியைத் திட்டுறாங்களே, காரணத்துல ஒண்ணு இது. வெள்ளிமலை மாதிரி கல்வராயன் மலை மேல இருக்கிற ஊருக்குக் கச்சேரிக்குப் போனா தலைகீழ்: ராத்திரி குளிர்ல ஏறிடும். அண்ணன் அதைக் கவனிச்சிருக்கார், காரணம்தான் தெரியலை.

அப்புறம்தான் அந்த சத்தம் கேட்டுச்சு. சாவியைத் திருகும்போது 'டிக்'னு ஒரு சத்தம். கழுத்து முடிஞ்சு தலை ஆரம்பிக்கிற இடத்துல, கம்பிகள் உட்காருற ஒரு சின்னக் கட்டை இருக்கும், ஆறு பள்ளம் வெட்டியிருக்கும். அதை 'நட்'னு சொல்வாங்க; தவிலுக்குப் போடுற நட்டு இல்லை. அந்தப் பள்ளத்துல கம்பி மாட்டிக்குது. அண்ணன் கம்பியை விரலால வளைச்சு இழுக்கிறார், கம்பி பள்ளத்தைத் தாண்டி வழுக்கி இந்தப் பக்கம் வருது, திரும்பிப் போகலை. ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு நின்னுட்டாப் போதும், ஜி கம்பி அரைச் சுரத்துல கிட்டத்தட்ட பாதி இறங்கிடும். கண்ணுக்கே தெரியாத அளவு! விசாரிச்சா, மேடையில சத்தம் கனமா வரணும்னு போன சீசனுக்கு முன்னாடி ஒரு நம்பர் தடிமனான கம்பிக்கு மாறியிருக்கார். பள்ளம் பழைய கம்பிக்கு வெட்டினது.

திவவு ஞாபகம் இருக்கா? உராய்வு குறைஞ்சா வழுக்கும், கூடினா மாட்டும். ரெண்டாயிரம் வருஷமா அதே இடத்துல அதே சண்டை.

பக்கத்துத் தெருவுல சிற்ப வேலை பார்க்கிற ஒரு ஐயாகிட்ட மெல்லிசா ஒரு அரம் இருந்தது. சாமி சிலையோட நகைக்கு வச்சிருக்கிற அரம். பள்ளத்தை அகலம் மட்டும் பண்ணணும், ஆழம் பண்ணக் கூடாதுன்னு சொன்னோம். "மாலைக்கு மணி தீர்க்கிற மாதிரி"ன்னு சொல்லிட்டு அரை மணி நேரத்துல முடிச்சார். மேல பென்சில் கரி தேய்ச்சோம். பென்சில்ல இருக்கிறது கிராஃபைட், வழவழப்பு. 'டிக்' சத்தம் போச்சு.

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். முடியலை.

ரெண்டு நாள் கழிச்சு அண்ணன் சொல்றார், "சும்மா தட்டினா எல்லாம் சரியா இருக்கு தம்பி. ஈ மேஜர் பிடிச்சா ஒண்ணு மட்டும் உறுத்துது. அதைச் சரி பண்ணினா சி மேஜர் கெடுது." இது கோளாறே இல்லை, இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய வரலாறு இருக்கு.

கிட்டார்ல மெட்டுக் கம்பிகள், அதாவது ஃப்ரெட், எங்க வைக்கணும்? 1581-ல வின்சென்சோ கலிலேயின்னு ஒரு இத்தாலியர், விஞ்ஞானி கலிலியோவோட அப்பா, ஒரு எளிய வழி எழுதினார்: மிச்சமிருக்கிற கம்பி நீளத்தைப் பதினெட்டால வகுத்து, ஒரு பங்கு தள்ளி அடுத்த மெட்டு. இன்னைக்கு 17.817-ஆல வகுக்கிறாங்க. 648 மில்லிமீட்டர் கம்பிக்கு முதல் மெட்டு 36.4 மில்லிமீட்டர்ல. இப்படிச் செஞ்சா பன்னிரண்டு அரைச் சுரமும் சம அளவு. வசதி. ஆனா தம்புரா மீட்டும்போது அதுக்குள்ள தானா ஒரு அந்தர காந்தாரம் கேட்கும் இல்லையா, அது 386 சென்ட். கிட்டார் காந்தாரம் 400. பதினாலு சென்ட் தூக்கல். கோயில் திருவிழா, நாகஸ்வரம், ஒத்துன்னு வளர்ந்த காதுக்கு அது உறுத்தத்தான் செய்யும். அண்ணன் காது நல்ல காது. அதுதான் அவர் பிரச்சினை.

இந்தச் சண்டையை நம்ம ஊர்ல பெரிய அளவுல போட்டவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவர், சொந்தக் காசைப் போட்டு இசை ஆராய்ச்சி பண்ணினவர். 1916-ல பரோடாவுல நடந்த அகில இந்திய இசை மாநாட்டுல போய், இருபத்திரண்டு சுருதின்னு சொல்றது சரியில்லை, சம அளவுல இருபத்து நாலுன்னு வாதாடினார். 1917-ல 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார், ஆயிரம் பக்கத்துக்கு மேல. எல்லாரும் ஏத்துக்கிட்டாங்களான்னா, இல்லை. ஆனா சுருதி எங்க நிக்கணும்ங்கிறது கணக்கா, காதா, மரபாங்கிற கேள்வியை ஒரு தமிழர் பக்கம் பக்கமா கணக்கு போட்டு எழுப்பினார்ங்கிறது சின்ன விஷயம் இல்லை.

வீணைக்காரங்க இதுல கெட்டிக்காரங்க. இருபத்து நாலு மெட்டையும் மெழுகுல பதிக்கிறாங்க. காது சொல்ற இடத்துல நகர்த்தி வைக்கலாம். வெயில்ல மெழுகு இளகினா திரும்ப மெட்டு வைக்கணும், அது வேற செலவு. கிட்டார்ல மெட்டு மரத்துல அடிச்சு இறக்கினது, நகராது.

இறங்கவே இறங்காத வாத்தியம்னா என்ன கதி தெரியுமா? ஹார்மோனியத்தைக் கேளுங்க. அது சுருதி மாறாது, அதனாலயே 1940-ல அகில இந்திய வானொலி அதைத் தடை பண்ணுச்சு. சுரத்துக்கு நடுவுல வழுக்கிப் போக முடியாது, கமகம் வராது, இந்திய இசைக்கு ஆகாதுன்னு காரணம். 1971-லதான் தடை தளர்ந்தது. இறங்கினா கீபோர்டைக் கொண்டு வான்னு சொல்றோம், இறங்காததை வானொலியில இருந்து முப்பது வருஷம் தள்ளி வச்சோம்.

நடுவுல ஒருத்தர் வழி கண்டுபிடிச்சார். மாண்டலின் யு. சீனிவாஸ். ஆந்திராவுல பாலகொல்லுல 1969-ல பிறந்தவர், சின்னப் பையனா சென்னை மேடைகளைப் பிடிச்சவர். மாண்டலின்ல ஜோடி ஜோடியா எட்டுக் கம்பி இருக்கும். ஜோடிக் கம்பியை இழுத்து கமகம் கொண்டுவர்றது கஷ்டம். அவர் ஒத்தைக் கம்பியா அஞ்சு வச்சுக்கிட்டார், எலக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனார், சத்தம் நீண்டு நின்னுச்சு. மெட்டு நகராட்டி என்ன, கம்பியை நகர்த்தினார்.

அண்ணனுக்கு அதைத்தான் காட்டினேன். இப்போ ஈ மேஜர்ல அவர் அந்த ஒரு சுரத்தைச் சத்தம் குறைச்சுத் தொடுறார், இல்லேன்னா விட்டுடறார், பாஸ் கிட்டார் பார்த்துக்கும். மேடையில விளக்கு போட்ட உடனே கிட்டாரை வெளிய எடுத்து ஸ்டாண்டுல வச்சுடறார், முக்கால் மணி நேரம் சூடு ஏறட்டும்னு. கைப்பிடியைக் கழட்டிட்டு, பாலம் ஆடாம ஸ்பிரிங்கை இறுக்கியாச்சு.

இந்தப் பங்குனிக்குக் குழுவுல அவர் இருக்கார். கீபோர்டும் இருக்கு. கீபோர்டுக்காரருக்கு ராத்திரிக்கு இவரைவிடக் கூடுதல் சம்பளம்.

அடுத்த எபிசோடுல தவில் வார் எப்போ போல்ட்டாச்சுன்னு பேசலாம்னு இருக்கேன். உங்க வீட்டுல பழைய தவில் இருந்தா, ஒரு போட்டோ எடுத்து வைங்க.